எண்ணெயில் ஆடும் தராசு

பழைய செவ்ரோலே பிக்கப் வைத்திருப்பவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்றும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வண்டி முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற அடம்பிடிக்கிறது, இன்ஜின் அலறுகிறது, கடைசியில் ஓர் உதையோடு கியர் விழுகிறது, கியர்பாக்ஸ் போய்விட்டதா? பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘ஆமாம், இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டியதுதான்’ என்பது. அந்தச் செலவு பல நேரம் வண்டியின் மதிப்பையே தொட்டுவிடும். நல்ல இன்ஜினும் உறுதியான சேஸியும் உள்ள வண்டிகள் காயலான் கடைக்குப் போவதற்கு இந்த ஒரு பதிலே போதுமானதாக இருக்கிறது. பதில் எப்போதும் தவறு என்று சொல்ல வரவில்லை. கேள்வியை முழுதாகக் கேட்பதற்கு முன்பே சொல்லப்படுகிறது என்பதுதான் என் குறை. முதலில் கேட்க வேண்டியது இது: பிசகியிருப்பது எல்லா கியர் மாற்றங்களுமா, ஒன்று மட்டுமா? எல்லாமே ஒரே பக்கமாகப் பிசகியிருந்தால், கியர்பாக்ஸ் பெரும்பாலும் நல்லபடியாகவே இருக்கிறது; அதற்குப் போய்ச் சேரும் செய்திதான் தப்பு. ஒன்று மட்டும் பிசகினால்தான் உள்ளே ஏதோ தேய்ந்தோ உடைந்தோ போயிருக்கிறது. இந்த வேறுபாடு ஏன் செல்லுபடியாகிறது என்று தெரிய, அந்தப் பெட்டிக்குள் எண்ணெய் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பார்க்க வேண்டும்.

உதாரணமாக ஜெனரல் மோட்டார்ஸின் 700-ஆர்4 கியர்பாக்ஸை எடுத்துக்கொள்வோம். 1982 மாடல் வண்டிகளில் வந்தது. முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63, மூன்றாவது நேருக்கு நேர், நான்காவது 0.70. கிரகப் பல்சக்கரங்களும் டார்க் கன்வெர்ட்டரும் எப்படி வேலை செய்கின்றன என்பதை இங்கே விரிக்கப் போவதில்லை. பெட்டிக்குள் சில கிளட்சுகளும் ஒரு பட்டையும் இருக்கின்றன. எண்ணெய் அழுத்தம் அவற்றில் எதை இறுக்கிப் பிடிக்கிறதோ அதைப் பொறுத்துக் கியர் அமைகிறது என்ற அளவு போதும். எனக்கு வியப்பைத் தருவது அதற்கு முந்தைய படி. எப்போது இறுக்குவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? 700-ஆர்4 கியர் மாற்றுவதற்குக் கம்ப்யூட்டரைக் கேட்பதில்லை. எஃகு வால்வு ஒன்று அலுமினியத் துளைக்குள் முன்னும் பின்னும் வழுக்குகிறது. முடிவெடுப்பது அதுதான்.

அந்த ஷிப்ட் வால்வின் ஒரு முனையைத் தள்ளுவது, வண்டியின் வேகத்துக்கேற்ப ஏறும் கவர்னர் அழுத்தம். மறுமுனையை ஒரு ஸ்பிரிங்கும், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோமோ அதற்கேற்ப ஏறும் த்ராட்டில் அழுத்தமும் சேர்ந்து தள்ளுகின்றன. மளிகைக் கடைத் தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது தட்டில் வேகம், வலது தட்டில் ஓட்டுநரின் கால். ஸ்பிரிங் என்பது வலது தட்டில் எப்போதும் கிடக்கும் சிறிய படிக்கல். வேகம் கூடக் கூட இடது தட்டு கனத்து ஒரு கட்டத்தில் சாய்கிறது. சாய்ந்ததும் வால்வு நகர்ந்து இரண்டாவது கியருக்குப் போகும் எண்ணெய் வழியைத் திறந்துவிடுகிறது. காலை மெல்ல வைத்தால் வலது தட்டில் பாரம் குறைவு. மணிக்கு 25 கி.மீ. வாக்கிலேயே தராசு சாய்ந்துவிடும். முழுதாக அழுத்தி மிதித்தால் வலது தட்டு கனத்துவிடும். 55, 60 கி.மீ. வரும்வரை இடது தட்டு காத்திருக்க வேண்டியதுதான். மூன்றாவது கியருக்கு இன்னொரு தராசு, நான்காவதுக்கு மற்றொன்று. படிக்கல்தான் ஒவ்வொன்றிலும் வேறு. மூன்று தராசுகளுக்கும் சரக்கு வருவது அதே இரண்டு மூட்டைகளிலிருந்து: ஒரே கவர்னர், ஒரே த்ராட்டில் வால்வு. மூட்டையிலேயே கல் கலந்திருந்தால் மூன்று தராசும் சேர்ந்து பொய் சொல்லும். புளி ஒட்டி ஒரு தராசின் முள் மட்டும் சிக்கிக்கொண்டால் அது ஒன்றுதான் பொய் சொல்லும். நான் சொல்ல வந்த வாதம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

இந்தத் தராசைச் செய்தவர்கள் இன்னொன்றும் யோசித்திருக்கிறார்கள். நல்ல தராசு சமநிலைக்கு அருகில் வந்தால் முள் ஆடும். கியர் அப்படி ஆடினால் வண்டி ஓட்ட முடியாது. ஒரே வேகத்தில் போகும்போது முதலுக்கும் இரண்டாவதுக்குமாக மாறி மாறி விழுந்துகொண்டிருக்கும். அதனால், இடது தட்டு சாய்ந்த கணமே வலது தட்டிலிருந்து ஒரு பிடி சரக்கை எடுத்துவிட ஏற்பாடு இருக்கிறது. நகர்ந்த வால்வின் விளிம்பே த்ராட்டில் அழுத்தம் வரும் வாய் ஒன்றை அடைத்துவிடுகிறது. இனி வலது தட்டு வெல்ல வேண்டுமென்றால் வண்டி நன்றாக வேகம் குறைய வேண்டும். ஏறும்போது மாறிய வேகமும் இறங்கும்போது திரும்பும் வேகமும் வேறு வேறாக இருப்பது இதனால்தான். அது கோளாறு என்று நினைத்து ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டியதில்லை.

கவர்னர் இதைவிட அழகு. வெளியே போகும் தண்டோடு ஒரு நைலான் பல்சக்கரத்தால் இணைந்து சுழல்கிறது. அதிலுள்ள எடைகள் வேகத்தில் விரிய விரிய எண்ணெய் அழுத்தம் ஏறுகிறது. ஆனால் மையவிலக்கு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு, நான்கு மடங்கானால் பதினாறு மடங்கு. ஒற்றை எடையை வைத்தால் வண்டி மெதுவாகப் போகும்போது அழுத்தம் போதாமல் இருக்கும், அல்லது நெடுஞ்சாலை வேகத்தைத் தொடும் முன்பே உச்சத்துக்குப் போய் முட்டிக்கொள்ளும். இதற்கு இரண்டு வகை எடைகளை வைத்தார்கள்: ஒன்று கனமானது, மற்றது இலேசானது, இடையில் ஸ்பிரிங். குறைந்த வேகத்தில் இரண்டும் சேர்ந்து தள்ளும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கனமான எடை விரியும் எல்லையைத் தொட்டு நின்றுவிடும். அதன்பிறகு இலேசான எடை மட்டுமே பேசும். செங்குத்தாக ஏறவிருந்த வளைவு பாதியில் மடங்கிச் சாய்வாகிவிடுகிறது. கைக்குள் அடங்கும் ஓர் உலோகத் துண்டு வர்க்கக் கணக்கை ஏறக்குறைய நேர்கோடாக்கிக் கொடுக்கிறது. பிக்கப்பின் அடியில் சேறு பூசிக் கிடக்கும் பெட்டிக்குள் இப்படியொரு கணிதம் நடக்கிறது என்பது எத்தனை முறை நினைத்தாலும் மனத்தை நிறைக்கிறது.

வரலாற்றில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா-மேட்டிக் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. பெரிய அளவில் உற்பத்தியான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அது. இரண்டாம் உலகப் போரில் இலகு டாங்கிகளிலும் ஓடியது. இந்தப் பெட்டிகளுக்கான எண்ணெயில் 1970-களின் தொடக்கம்வரை எண்ணெய்த் திமிங்கிலத்திலிருந்து எடுத்த எண்ணெயும் கலந்திருந்தது. அமெரிக்கா தடை விதித்த பிறகுதான் வேதிப்பொருள்கள் அந்த இடத்துக்கு வந்தன.

இனி நம் வண்டிக்கு வருவோம். முதல் மாற்றம், இரண்டாவது மாற்றம், மூன்றாவது மாற்றம் எல்லாமே தாமதமாக நடக்கிறதா? அப்படியானால் சந்தேகம் போக வேண்டிய இடம் மூட்டைகள்தான். அதற்கும் முன்பே டயரைப் பாருங்கள். பிக்கப் வாங்கியவர்கள் பெரிய டயர் மாட்டுவது வழக்கம். பெரிய டயரில் அதே சாலை வேகத்துக்குத் தண்டு மெதுவாகவே சுழலும். கவர்னரும் வண்டி மெதுவாகப் போவதாக நினைத்துக்கொள்ளும். இது டயரின் வேலைதானா என்று கண்டுபிடிப்பது எளிது. ஸ்பீடாமீட்டரும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டினால் கியர்பாக்ஸ் மேல் குற்றம் இல்லை. டயர் பழைய அளவிலேயே இருந்தால் அடுத்தது த்ராட்டில் கேபிள். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குள் இறங்கும் மெல்லிய கம்பி அது. காலின் அழுத்தத்தை எண்ணெய்க்குச் சொல்வது அதன் வேலை. அது தேவைக்கு மேல் இழுபட்டிருந்தால், ஓட்டுநர் மெல்ல மிதித்தாலும் பலமாக மிதிப்பதாகவே எண்ணெய்க்குச் செய்தி போகும். கியர் தாமதமாகவும் உதையோடும் விழும். தளர்ந்திருந்தால் நேரெதிர்: கியர் அவசர அவசரமாக, வழுவழுவென்று விழும்.

இந்த வழுவழுப்பு நல்ல அறிகுறி போலத் தோன்றும். ஆனால் பெட்டிக்கு எமன் அதுதான். 700-ஆர்4-இல் இந்தக் கேபிள் கியர் மாறும் நேரத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. கிளட்சுகளை இறுக்கிப் பிடிக்கும் மொத்த எண்ணெய் அழுத்தத்தையும் அதுவே ஏற்றி இறக்குகிறது. இன்ஜின் சும்மா ஓடும்போது சுமார் 60 பி.எஸ்.ஐ. இருந்தால் போதும், முழுதாக மிதித்தால் அதுபோல் இரு மடங்குக்கு மேல் வேண்டும். கேபிள் தளர்ந்த வண்டியில் பாரம் ஏற்றி மேட்டில் ஏறினால், இன்ஜின் முழு பலத்தோடு சுழற்ற, கிளட்சுகள் அரைப்பிடியில் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூடானால் கருகல். முதலில் கருகுவது பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது கியர்களைப் பிடிக்கும் மூன்று-நான்கு கிளட்ச். பழைய கார்புரேட்டரை எடுத்துவிட்டு வேறு கம்பெனி கார்புரேட்டர் மாட்டியவர்களின் கியர்பாக்ஸ் சீக்கிரம் போய்விடுகிறது என்று பலரும் புலம்புவதற்குக் காரணம் இதுதான். புதிய கார்புரேட்டரில் கேபிள் மாட்டும் புள்ளியின் தூரம் வேறு, அதனால் இழுப்பின் அளவும் வேறு. குற்றவாளியாகப் பெயர் வாங்குவது கியர்பாக்ஸ். தவறு நடந்தது பானெட்டுக்கு அடியில்.

கேபிளைச் சரிபார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவரை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லிக் கார்புரேட்டர் பக்கம் நின்று பாருங்கள். த்ராட்டில் முழுதாகத் திறக்கும் அதே இடத்தில் கேபிளும் தன் கடைசி இழுப்பைத் தொட வேண்டும். முன்பாகவும் கூடாது, பின்பாகவும் கூடாது. கேபிள் உறை பிராக்கெட்டில் பொருந்தும் இடத்தில் ஒரு சிறு உலோக நாக்கு இருக்கும். அதை அழுத்திப் பிடித்து, வழுக்கும் பகுதியைத் த்ராட்டிலுக்கு எதிர்ப்பக்கமாக உள்ளே தள்ளி, நாக்கை விட்டுவிட்டுத் த்ராட்டிலைக் கையால் முழுதாகத் திறந்தால், டிக் டிக் என்று பல் பல்லாக வெளியே வந்து தானே சரியான இடத்தில் நிற்கும். இரண்டு நிமிட வேலை. ஓவர்ஹால் பற்றிப் பேசத் தொடங்கும் முன் இந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடாத ஒர்க்‌ஷாப்பை நான் நம்பமாட்டேன்.

கேபிள் சரியாக இருந்தும் எல்லா மாற்றங்களும் தாமதமென்றால் மிஞ்சுவது கவர்னர். கேபிள், கவர்னர் இரண்டில் எது என்று பிரித்தறியும் வழி இந்தப் பெட்டியின் அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. கேபிள் மொத்த அழுத்தத்தையும் ஏற்றும். கவர்னருக்கு அந்த அழுத்தத்தோடு சம்பந்தம் இல்லை. எனவே தாமதமும் உதையும் சேர்ந்து வந்தால் கேபிள் பக்கம். தாமதம் மட்டும் இருந்து கியர் வழக்கம்போல விழுந்தால் கவர்னர் பக்கம். உடம்பு உணரும் இந்த வேறுபாட்டை எண்ணாக்க, கியர்பாக்ஸின் பக்கவாட்டிலுள்ள சோதனைத் துளையில் 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் ஒரு கேஜைத் திருகினால் போதும். வண்டி முதல் கியரை விட்டு மாறவே மாறாமல் இருந்தாலும் கவர்னரையே முதலில் பார்க்க வேண்டும். அந்த நைலான் பல்சக்கரத்தின் பற்கள் உதிர்ந்துவிட்டால் கவர்னர் சுழலாது. வண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும் இடது தட்டு காலியாகவே கிடக்கும். கியர்பாக்ஸை இறக்காமலே, பின்பகுதியில் உள்ள ஒரு வட்ட மூடியைக் கழற்றி அதை வெளியே எடுத்துவிடலாம்.

ஒன்றோ சிலவோ மட்டும் கெட்டிருக்கும் வண்டிக்குக் கணக்கு வேறு. அங்கே, போன கியர்கள் எவை, இருக்கும் கியர்கள் எவை என்று எழுதிப் பார்த்தாலே உடைந்த உறுப்பின் பெயர் வந்துவிடும். முதலும் இரண்டாவதும் ரிவர்சும் சரியாக இருந்து, மூன்றாவதில் இன்ஜின் மட்டும் வீணாகச் சுழன்றால் மூன்று-நான்கு கிளட்ச் கருகிவிட்டது. முதலும் மூன்றாவதும் இருந்து, இரண்டாவது, நான்காவது, ரிவர்ஸ் மூன்றும் ஒரே நாளில் காணாமற்போனால், அந்த மூன்றுக்கும் பொதுவான உறுப்பு ஒன்றே ஒன்று: சன் கியரைச் சுழற்றும் ஓடு போன்ற எஃகுத் துண்டு. அதன் பற்கள் அறுந்திருக்கும். இரண்டாவதும் நான்காவதும் மட்டும் போய் ரிவர்ஸ் நன்றாக இருந்தால், சந்தேகம் ஓட்டிலிருந்து அதைப் பிடித்து நிறுத்தும் பட்டைக்கு மாறிவிடும். முன்னோக்கி டி-யில் நகராத வண்டி, லீவரை 1-க்குத் தள்ளினால் நகர்கிறதென்றால் ஒருவழி கிளட்ச் போயிருக்கிறது. லீவரைத் தள்ளும்போது அந்த வேலையை வேறு கிளட்ச் எடுத்துக்கொள்வதால்தான் வண்டி அசைகிறது. இவற்றில் எதற்கும் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் இறக்குவதற்கு முன்பே எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்கும். என்ன பாகம், எவ்வளவு செலவு என்று பேசவும் முடியும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். கேபிள் தளர்ந்து ஓடிய வண்டியில் கிளட்ச் ஏற்கெனவே கருகியிருக்குமே, கேபிளைத் திருத்தி என்ன பயன்? உண்மைதான். கருகிய கிளட்ச் கேபிளைத் திருத்துவதால் பிழைக்காது. ஆனால் கேபிளைப் பார்க்காமல் ஓவர்ஹால் மட்டும் செய்தால் புதிய கிளட்சும் அதே வழியில் கருகும். ஓவர்ஹால் செய்த பெட்டி சில மாதங்களில் மறுபடியும் போய்விட்டால் அதற்குப் பாகங்களின் தரத்தைத் திட்டுவது வழக்கம். முதல் பெட்டியைக் கொன்ற காரணம் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

எண்ணெயைப் பற்றி நிறையக் கட்டுக்கதைகள் உலவுகின்றன. அளவு பார்க்கும் முறை எளிது: வண்டி சமதளத்தில், இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்க, லீவர் பார்க்கில் இருக்க, டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். கூடினாலும் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அழுத்தம் நிற்காது. இது இயற்பியல். ‘பழைய எண்ணெயை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்’ என்பது வேறு வகை. எண்ணெய் மாற்ற வருகிறவர்களில் பலர் வண்டி ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய பிறகு வருகிறவர்கள். அடுத்த மாதம் அது நின்றுபோனால் பழி புதிய எண்ணெய் மேல் விழுகிறது. முன்பின் என்ற வரிசையைக் காரண காரியமாக எடுத்துக்கொள்ளும் பிழை இது. பாட்டிலில் அடைத்து ‘ஊற்றினால் கியர்பாக்ஸ் புதிதாகும்’ என்று விற்கும் திரவங்களும் இதே மயக்கத்தில்தான் பிழைக்கின்றன. காய்ந்து இறுகிய ரப்பர் சீலைச் சற்று இளக்குவது சிலவற்றால் முடியலாம். அறுந்த பல்லையும் கருகிய கிளட்சையும் எந்தத் திரவமும் ஒட்டவைக்காது. அடிப்பாத்திரத்தைக் கழற்றிப் பார்ப்பது இதைவிடப் பயனுள்ளது. காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் வயதின் தேய்மானம். கறுப்புத் துகளும் பளபளக்கும் உலோகச் சீவலும் இருந்தால் கேபிளோடு முடியும் கதையல்ல.

‘கியர் மாறி மாறி விழுகிறது’ என்று சொல்லப்படும் பல வண்டிகளில் மாறுவது கியரே இல்லை. டார்க் கன்வெர்ட்டருக்குள் உள்ள லாக்-அப் கிளட்ச் பூட்டி விடுபடுவது, ஓட்டுபவருக்கு இன்னொரு கியர் மாறியதுபோலவே படும். சீரான வேகத்தில் போகும்போது, வலது காலை எடுக்காமல், இடது காலால் பிரேக் பெடலை இலேசாகத் தொட்டுப் பாருங்கள். பின்னால் வண்டி வராத சாலையில். பிரேக் சுவிட்ச் லாக்-அப்பை விடுவித்துவிடும். இன்ஜின் சுழற்சி சற்று ஏறி, உதறலும் நின்றுவிட்டால், கியர்களின் மேல் குற்றம் இல்லை.

இவ்வளவும் பழங்கதை, இப்போது ஸ்கேனர் மாட்டினால் பதில் வந்துவிடுமே என்பது அடுத்த மறுப்பு. 1993-இல் இதே பெட்டி 4எல்60-ஈ என்ற பெயரில் மின்னணுக் கட்டுப்பாட்டோடு பிக்கப்களுக்கு வந்தது, விகிதங்கள் அப்படியே. கேபிளின் இடத்தில் த்ராட்டில் சென்சார், கவர்னரின் இடத்தில் தண்டின் வேகத்தை அளக்கும் சென்சார், வால்வைத் தள்ள இரண்டு சோலனாய்டு. கணக்கு மாறவில்லை, கணக்கப்பிள்ளைதான் மாறினார். எனவே எல்லாம் பிசகினால் செய்தியைச் சந்தேகி என்ற விதி இங்கும் செல்லும். மின்சாரம் அறவே நின்றுபோனால் இரண்டு சோலனாய்டுகளும் ஓய்ந்து வண்டி மூன்றாவது கியரிலேயே நிற்கும். அழுத்தமும் உச்சத்துக்கு ஏறும். கிளட்ச் வழுக்கிக் கருகாமல் வீடு போய்ச் சேர வடிவமைப்பாளர்கள் வைத்த பாதுகாப்பு அது. சிக்னலில் சோம்பலாகக் கிளம்பி, லீவரைப் போட்டதும் தடாலென்று உதைக்கும் அந்த வண்டியைக் ‘கியர்பாக்ஸ் முடிந்தது’ என்று தள்ளிவிடுகிறார்கள். பல நேரம் தேவைப்படுவது ஒரு ஃபியூசும், துருப்பிடித்த கனெக்டரைச் சுத்தம் செய்வதும்.

ஸ்கேனர் தரும் எண்ணும் தீர்ப்பல்ல. 4எல்60-ஈ-இல் பேர்போன பி1870 என்ற எண்ணுக்குப் பொருள், கியர்பாக்ஸில் எங்கோ வழுக்கல் என்பதுதான். இதை நம்பி முழு ஓவர்ஹால் செய்தவர்கள் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் காரணம், லாக்-அப்பைக் கட்டுப்படுத்தும் வால்வு ஓயாமல் அசைந்து அசைந்து தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத் துளையை அகலமாக்கிவிடுவதுதான். எண்ணெய் அந்த இடைவெளியில் கசிகிறது, லாக்-அப் பிடிக்காமல் வழுக்குகிறது. துளையைச் சீராகக் கடைந்து உறை செருகினாலோ, வால்வு பாடியை மட்டும் மாற்றினாலோ சரியாகிவிடும். எந்த இடத்தில் அறிகுறி தெரிந்தது என்பதை ஸ்கேனர் சொல்லும். ஏன் என்று கேட்க வேண்டியது மனிதர்தான்.

பரிசோதனைக்கும் நேரம், நேரத்துக்கும் கூலி, நேராக ஓவர்ஹால் செய்தால் உத்தரவாதத்தோடு கொடுத்துவிடலாமே என்பார்கள் ஒர்க்‌ஷாப்காரர்கள். அவர்கள் பக்கத்தில் நியாயம் உண்டு. அரைமணி நேரம் யோசித்ததற்குக் காசு கொடுக்க வாடிக்கையாளர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நாம் விட வேண்டும். பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பரிசோதனைக்கென்று தனியாகக் காசு கொடுங்கள். ‘கியர்பாக்ஸ் போய்விட்டது’ என்று சொல்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தெந்தக் கியர் மாற்றம் கெட்டிருக்கிறது? கேபிளைப் பார்த்தீர்களா? கேஜ் மாட்டியபோது அழுத்தம் எவ்வளவு காட்டியது? மூன்றாவது கேள்விக்கு ஓர் எண் பதிலாக வராவிட்டால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.